லாண்ட்றோவர் 88 பெற்றோல் தாங்கி: ஒட்டுறதோ, மாத்துறதோ?

வாசகர் கேள்வி, 3 பெப்ரவரி 2024, வவுனியா

அண்ணை, என்னட்ட இருக்கிறது 1966 லாண்ட்றோவர் 2ஏ, 88 அங்குலம் (முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில), பெற்றோல். வலது பக்க சீட்டுக்குக் கீழ இருக்கிற தாங்கி கசியுது. சீட்டைத் தூக்கினாலே மணம். கராச்சில "தண்ணி விட்டுக் கழுவிப்போட்டு வெல்டிங் அடிச்சாச் சரி" எண்டு சொல்லீனம். அலுமினிய வண்டிதானே, தாங்கி ஏன் உக்குது? ஒட்டுறதோ, புதுசு போடுறதோ?

3 பெப்ரவரி, இரவு

முதல் அந்த வெல்டிங் கதையை விடும். மிச்சமெல்லாம் பிறகு.

நிறைஞ்ச தாங்கியை விட வெறுந் தாங்கிதான் பயங்கரம். காத்தில பெற்றோல் ஆவி ஏறக்குறைய 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையில இருந்தாத்தான் பத்தும். பெற்றோல் கிடக்கிற தாங்கிக்குள்ள ஆவி அதுக்கும் மேல, பத்துறதுக்குக் காத்துக் காணாது. வடிச்சு, வெய்யில்ல காய வச்சு, "மணமே இல்லை" எண்டு ஆக்கள் சொல்லுற தாங்கிதான் சரியா அந்த அளவுக்குள்ள வந்து நிக்கும். பொருத்து மடிப்புக்குள்ளயும், அடியில காஞ்சு கிடக்கிற பிசினுக்குக் கீழயும் பெற்றோல் ஒளிச்சிருக்கும். ஒருக்கா தண்ணி விட்டு அலசினா அது போகாது. வெல்டிங் சூடு பட்ட உடன திரும்ப ஆவியா எழும்பும்.

பழைய மெக்கானிக்மார் தாங்கியை முட்டத் தண்ணி விட்டு, ஒட்டுற இடத்தில மட்டும் வெளி விட்டு ஒட்டினவை. சிலர் இன்னொரு வண்டியின்ர புகைக் குழாயை உள்ளுக்க விட்டு, காத்தைத் தள்ளிப்போட்டு ஒட்டினவை. "நாங்கள் எத்தினை ஒட்டினனாங்கள், ஒண்டும் நடக்கேல்லை" எண்டு இப்பவும் சொல்லுவினம். நடந்த ஆக்கள் வந்து சொல்லமாட்டினம்தானே.

4 பெப்ரவரி

மறந்துபோனன். கசியிற தாங்கியோட அந்த வண்டியை ஸ்ரார்ட் பண்ணாதையும். பற்றறி வயரை இப்பவே கழட்டும். 1966 எண்டால் உம்மட வண்டி பெரும்பாலும் பொசிற்றிவ் ஏர்த், வண்டிப் பொடியில பூட்டியிருக்கிறது பிளஸ் வயர். அதைத்தான் முதல்ல கழட்டவேணும். மற்றதை முதல் கழட்டப் போய் ஸ்பானர் பொடியில முட்டினா, பொறி பறக்கிறது தாங்கிக்குப் பக்கத்தில.

4 பெப்ரவரி, பின்னேரம்

அலுமினியக் கேள்விக்கு வாறன். 1948 ஏப்ரலில அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில லாண்ட்றோவரைக் காட்டேக்க பிரித்தானியாவில இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அலுமினியம் கிடைச்சுது. பேர்மாபிறைற் எண்டுற அலுமினியக் கலவையில பொடியை அடிச்சினம். ஆனா சசி (அடிச்சட்டம்) இரும்பு, முன் சுவர் இரும்பு, தாங்கியும் இரும்பு. ஆக்கள் பொடியைத் தட்டிப் பாத்துப்போட்டு "இது உக்காது" எண்டு வாங்குவினம். கீழ படுத்துப் பாக்கிறதில்லை. அலுமினியமும் இரும்பும் முட்டுற இடத்தில ஈரம் நிண்டால் அரிப்பு இன்னும் கெதியா நடக்கும், அது வேற.

தாங்கியை உள்ளுக்க இருந்து தின்னுறது தண்ணி. தண்ணி பெற்றோலை விடப் பாரம், அடியில போய் இருக்கும். அதாலதான் ஓட்டை எப்பவும் கீழ்ப் பொருத்திலயும் மூலையிலயும் வருது. வெளியில இருந்து தின்னுறது சேறு. தாங்கியின்ர முன் விளிம்பு சசியில இருந்து நீளுற கையில பூட்டியிருக்கு. அந்த இடுக்குக்குள்ள சில்லு அடிக்கிற சேறு போய் இறுகி, மழை முடிஞ்சு கன நாளாகியும் ஈரமாவே கிடக்கும்.

ஒரு கண்ணாடிப் போத்தில் எடுத்து, அடியில இருக்கிற வடிகால் ஆணியைத் தளர்த்திக் கொஞ்சம் பிடிச்சு வையும். கொஞ்ச நேரத்தில கீழ தண்ணி, மேல பெற்றோல், நடுவில கோடு தெளிவாத் தெரியும். எஞ்சினில பூட்டியிருக்கிற பெற்றோல் பம்மின்ர கண்ணாடிக் கிண்ணத்தையும் பாரும். அடியில செம்மண் நிறத்தில மாவு மாதிரிப் படிஞ்சிருந்தா அது மண்ணில்லை, உம்மட தாங்கி.

6 பெப்ரவரி

"எங்கட வண்டியில நல்லாத்தானே இருந்தது, இப்ப ரெண்டு வருசத்துக்குள்ள உக்கீட்டுது" எண்டு ரெண்டு மூண்டு பேர் எழுதியிருக்கினம். எனக்குத் தெரிஞ்ச காரணம் 2022. பெற்றோல் இல்லாமல் வண்டியள் தாங்கி காஞ்சபடி மாசக்கணக்கா நிண்டது. ஜூலையில கியூஆர் பங்கீடு வந்த பிறகும் கிடைச்ச அளவை மோட்டச்சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் விட்டினமே தவிர லாண்ட்றோவருக்கு ஆர் விட்டவை? அது குடிக்கிற குடிக்கு ஒரு கிழமைப் பங்கு சந்திக்குப் போய்வரவே காணாது. வெறுந் தாங்கிக்குள்ள ஈரக் காத்து போய், ராவில குளிர்ந்து, சுவரில வேர்த்து வடியும். பெற்றோல் நனைச்சுக்கொண்டிருக்கிற தகடு துருப்பிடிக்காது. காத்துப் படுற தகடுதான் பிடிக்கும். கன நாளுக்கு நிப்பாட்டுறதெண்டால் ஒண்டில் முட்ட நிரப்பி விடவேணும், இல்லாட்டி வடிச்சுக் காய வச்சு உள்ளுக்க எண்ணெய் பூசி விடவேணும். அரைகுறையாத்தான் விடக்கூடாது.

எங்கட ஆக்களுக்கு இது முதல் தரமில்லை. 90களில யாழ்ப்பாணத்தில பெற்றோலுக்குத் தடை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எண்ட பழைய கார்கள் மண்ணெண்ணெயில ஓடினதை நாப்பது வயசுக்கு மேற்பட்ட எல்லாரும் கண்டிருப்பினம். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், எஞ்சின் சூடானப் பிறகு மண்ணெண்ணெய், பின்னால வெள்ளைப் புகை. லாண்ட்றோவரின்ர 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள்ள கலவையை எத்தினை மடங்கு நெருக்குது எண்டது) 7க்கு 1தான், அதாலதான் அதுகும் முக்கி முனகி ஓடினது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தால கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். டிப் குச்சியில அளவு கூடும், குறையாது. அதைப் பாத்து "வண்டி ஒயிலே குடிக்கேல்லை" எண்டு சந்தோசப்பட்ட மனுசரும் இருந்தவை.

அந்தக் காலத்தில ஓடின வண்டியளின்ர தாங்கி கிடைச்சா வாங்கிறதுக்கு முதல் உள்ளுக்க ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. பரல் அடிமண்டி முழுக்க அதுக்குள்ளதான் போனது.

9 பெப்ரவரி

மலைநாட்டில இருந்து ஒருத்தர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, துருவைக் கழுவி உள்ளே சீலர் பூசினால் போதாதா? வீடியோவில் சுலபமாகச் செய்கிறார்கள்."

வீடியோ பூசின அண்டைக்கு எடுக்கிறது. என்ர வண்டி முந்தித் தேயிலைத் தோட்டமொண்டில ஓடினது. எனக்கு முதல் வச்சிருந்தவர் தாங்கிக்குள்ள சீலர் பூசியிருந்தார். மேல பாக்கப் பால் வெள்ளை, வடிவு. ஆனா ஏத்தத்தில இழுவை இல்லாமப் போய் நிக்கும், கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணினா ஓடும். பெற்றோல் உறிஞ்சிற குழாயைக் கழட்டித் தூக்கினன். நுனியில வெள்ளைத் தோல் ஒண்டு, பாலாடை கணக்கா ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால தேய்க்கச் சுருண்டுது, அதின்ர மறுபக்கம் முழுக்கத் துரு. பூச்சுக்குக் கீழ துருவை விட்டிட்டுப் பூசினா அது இப்பிடித்தான் கழரும்.

சீலர் எல்லாமே பிழை எண்டு சொல்லவரேல்லை. தகடு தடிப்பா இருந்து, ஓட்டை இல்லாமல், துரு மேலோட்டமா இருந்து, உள்பக்கம் வெறும் இரும்பு வரைக்கும் சுத்தமாக்கி, சொட்டு ஈரமில்லாமல் காய வைக்க முடிஞ்சா நிக்கும். இத்தினை "இருந்தா" வேணும்.

10 பெப்ரவரி

துரு எடுக்கிற வழி கேட்டவைக்கு. சீனி ஆலைக் கழிவுப்பாகு தண்ணியில கரைச்சு விடலாம். மெதுவா வேலை செய்யும், கிழமைக்கணக்கா எடுக்கும், நாறும், ஆனா நல்ல இரும்பைத் தொடாது. வினாகிரி கெதி. ஆனா வடிச்ச உடன அப்பச்சோடாத் தண்ணியால கழுவாட்டி, நீர் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறதுக்குள்ள தகடு திரும்ப மஞ்சளாகும். கருகல் துரு கிடந்தா முதல் ஒரு பிடி சங்கிலித் துண்டை உள்ளுக்க போட்டுத் தாங்கியைக் குலுக்கவேணும். சங்கிலி நல்லது, ஏனெண்டால் ஒரு நுனியில பிடிச்சு இழுத்தா முழுக்க வெளியில வரும். கல்லும் நட்டும் போட்டவை இப்பவும் எண்ணிக்கொண்டிருப்பினம்.

மின்பகுப்பு (கரண்ட் விட்டுத் துரு எடுக்கிறது) செய்யிறவை ரெண்டு விசயம் கவனியுங்கோ. ஐதரசன் வரும், வீட்டுக்குள்ள செய்யாதையுங்கோ. உள்ளுக்க விடுற கம்பி சாதாரண இரும்பா இருக்கட்டும். எவர்சில்வர் கரண்டியைக் கட்டி விட்டால் அந்தத் தண்ணியில நச்சுக் குறோமியம் கலக்கும்.

12 பெப்ரவரி

வவுனியாத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கீழ்ப் பொருத்தின்ர பின் மூலையில கறுப்புப் பூச்சு கொப்புளிச்சு, அதைச் சுத்திப் பழுப்புக் கறை. ஸ்குறூ ட்றைவரை வச்சு மெல்ல அமத்தினாராம், உள்ளுக்க போயிட்டுதாம்.

நல்ல வேலை. அதுக்கு மேல இனி ஒட்டு, ஈயம், சீலர் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. ஒரு ஊசி ஓட்டை தெரிஞ்சா, அந்தப் பொருத்து முழுக்கக் கடதாசித் தடிப்பு எண்டு எடுத்துக்கொள்ளும். புதுத் தாங்கி.

வடிக்கிறதுக்கு முதல் கசிவை நிப்பாட்டச் சவர்க்காரக் கட்டியை ஈரம் படாமல் அந்த இடத்தில அழுத்தித் தேய்ச்சு விடும். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. நான் முல்லைத்தீவு றோட்டில அதை நம்பி வீடு வந்து சேர்ந்திருக்கிறன். இண்டைக்கு வடிக்கிற வரைக்கும்தான் அது, மழை பெய்தாக் கதை முடிஞ்சுது.

13 பெப்ரவரி

கழட்டுறது பெரிய வித்தையில்லை. ஆனா குழிக்கு மேல விட்டுக் கழட்டாதையும். பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், குழிக்குள்ள போய்த் தேங்கும். மரநிழல்ல, வெளியில. கீழ பாக்கிறதுக்கு வயர் பல்ப்பும் வேண்டாம், உடைஞ்சாப் போதும். வடிக்கிறது இரும்புக் கானுக்குள்ள.

சீட்டை எடுத்து, கீழ இருக்கிற மூடித் தகட்டைத் தூக்கினா தாங்கியின்ர முதுகு தெரியும். பெற்றோல் அளவை மீற்றருக்குச் சொல்லுற மிதவையின்ர வயர், உறிஞ்சிற குழாய் ரெண்டும் அதில. குழாய் நட்டைத் திருப்பேக்க ரெண்டு ஸ்பானர் பிடியும், ஒண்டை மட்டும் போட்டால் குழாய் முறுகும். அங்குல ஸ்பானரே வேணும், மில்லி ஸ்பானரைத் திணிச்சு நட்டின்ர மூலையளை உருட்டாதையும். பிறகு பக்கவாட்டில பெற்றோல் விடுற வாயில இருந்து வாற பெரிய றப்பர், அதோட காத்து வாற சின்ன றப்பர். ரெண்டும் கல்லா இறுகியிருக்கும். நெம்பி எடுக்க வெளிக்கிட்டா தாங்கியின்ர கழுத்துத்தான் வளையும். வெட்டி எறியும், எப்பிடியும் புதுசுதான் போடப்போறீர். கடைசியா வண்டி தூக்கிற ஜக்குக்கு மேல ஒரு பலகை வச்சுத் தாங்கியைத் தாங்கிக்கொண்டு முன், பின் ஆணியளைக் கழட்டிக் கீழ இறக்கும். முழுத் தாங்கி 45 லீற்றர், பத்துக் கலன். வடிக்காமல் இறக்கப் பாத்தால் பாரம் உம்மட முதுகுக்குத் தெரியும்.

இறக்கினாப் பிறகு தாங்கியை விட்டிட்டு, அது பூட்டியிருந்த சசிக் கையைச் சுத்தியலால தட்டிப் பாரும். "டங்" எண்டால் நல்லம். "பொத்" எண்டால் இப்பதான் அதை ஒட்டுறதுக்கு நேரம், தாங்கி வண்டியில இல்லாத நேரம். இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறது: தாங்கி மாத்துறது எண்டு ஒரு வேலை இல்லை. றப்பர், மிதவை, ஏர்த், சசிக் கை எல்லாத்தையும் சேத்துப் பாக்கவேண்டிய வேலை அது. தாங்கியை மட்டும் மாத்தின ஆக்கள் திரும்ப ஒருக்கா இறக்குவினம்.

17 பெப்ரவரி

வவுனியாத் தம்பி கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில தேடினாராம். வெளியில இருந்து வாற புதுத் தாங்கி ஒண்டு, கொழும்பில ஒருத்தர் அடிச்சுத் தாறன் எண்டுற எவர்சில்வர்த் தாங்கி ஒண்டு, கழட்டின பழசு ஒண்டு. எதை எடுக்கிறது? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வண்டிக்கும் சாமானுக்கும் வந்த மவுசைப் பாத்தால் விலை கேக்கவே மனம் வராது.

பழசு வேண்டாம். உம்மடதின்ர வயசுதான் அதுக்கும்.

எவர்சில்வர் பற்றி நான் முந்தி வேற இடத்தில நல்லாச் சொல்லியிருக்கிறன். இப்ப அவ்வளவு துணிஞ்சு சொல்லமாட்டன். தகடு உக்காது, உண்மை. அடிக்கிறவருக்கு லாண்ட்றோவர் தெரியவேணும், அதுதான் சிக்கல். தண்ணித் தாங்கி அடிக்கிறவர் வெறும் பெட்டியாத்தான் அடிப்பார். உள்ளுக்க தடுப்புத் தகடு இல்லாட்டி, சரிவில பெற்றோல் எல்லாம் ஒரு பக்கம் ஓடி, உறிஞ்சிற குழாய் காத்தைக் குடிக்கும். குலுங்கிக் குலுங்கி வெல்டிங் கோட்டில வெடிப்பும் வரும். உறிஞ்சிற குழாய் அடியில முட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிக்கவேணும், இல்லாட்டி அடி மண்டி எல்லாம் காபரேற்றருக்கு. இவ்வளவும் கேட்டு விளங்கிச் செய்யிற ஆளெண்டால் செய்வியும். தடுப்புத் தகடு எண்டதும் முகத்தைப் பாக்கிற ஆளெண்டால் புதுசையே வாங்கும்.

டீசல்காரருக்கு ஒரு சொல்லு: நாகம் (சிங்க்) பூசின தகட்டில டீசல் தாங்கி அடிக்காதையுங்கோ. நாகம் டீசலோட சேர்ந்து சவர்க்காரம் மாதிரி ஒண்டாகி வடிகட்டியையும் இன்ஜெக்ரரையும் அடைக்கும். உங்களுக்குத் திரும்பி வாற குழாய்க்கும் ஒரு வாய் வேணும், பெற்றோல்த் தாங்கியில அது இருக்காது.

18 பெப்ரவரி

டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனில இருந்து சந்தக்பூ மலைக்கு ஓடுற பழைய லாண்ட்றோவர்களின்ர படத்தை ஒருத்தர் போட்டு "இவையள் என்ன தாங்கி போடுகினம்?" எண்டு கேட்டிருக்கிறார். அதில கனக்க வண்டிக்கு எஞ்சினே மகிந்திரா டீசல். தாங்கி மட்டும் ஒறிஜினலா இருக்கும் எண்டு நினைக்கிறீரோ?

24 பெப்ரவரி

புதுத் தாங்கி ஏறியாச்சாம். ஸ்ரார்ட் ஆகுதில்லையாம்.

காபரேற்றருக்குப் பெற்றோல் வந்திருக்காது. குழாய் முழுக்கக் காத்து. ஏசி எண்ட கொம்பனியின்ர அந்தப் பெற்றோல் பம்மில கையால அடிக்கிற சின்ன நெம்பு ஒண்டு கீழ இருக்கு, அதை அடியும். அடிக்க இறுக்கம் ஒண்டும் தெரியாட்டி பம் பழுதெண்டு நினைக்கவேண்டாம். எஞ்சினுக்குள்ள பம்மைத் தள்ளுற கம் (cam) மேல நிக்குது. எஞ்சினைக் கொஞ்சம் சுத்தி விட்டிட்டுத் திரும்ப அடியும்.

24 பெப்ரவரி, இரவு

ஓடிச்சாம், பத்து நிமிசத்தில நிண்டுதாம், மூடியைத் திறக்க "உஸ்" எண்டு காத்து உள்ளுக்க போச்சாம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல, நீரே கண்டுபிடிச்சிட்டீர். காத்து வாற வழி அடைச்சிருக்கு. அந்தச் சின்ன றப்பர் மடிஞ்சிருக்கும், இல்லாட்டி மூடியில இருக்கிற ஓட்டை பெயின்ற்றால அடைபட்டிருக்கும். அப்பிடியே தொடர்ந்து ஓட வேண்டாம், மெல்லிய தகட்டுத் தாங்கி உள்வாங்கும்.

27 பெப்ரவரி

இப்ப பெற்றோல் அளவு காட்டுற மீற்றர். 20 லீற்றர் விட முள் நடுவுக்கு வந்துதாம், இன்னும் விட விடக் கீழ இறங்குதாம். ஓடி முடிக்க மேல ஏறுதாம். "பெற்றோல் உற்பத்தி செய்யிற தாங்கி" எண்டு ஒருத்தர் பகிடி விட்டிருக்கிறார். 2022இல கிடைச்சிருந்தா நல்ல விலை போயிருக்கும்.

பிழை மிதவையில. 1967 அளவில லாண்ட்றோவர் பொசிற்றிவ் ஏர்த்தில இருந்து நெகற்றிவ் ஏர்த்துக்கு மாறேக்க மீற்றரின்ர வகையும் மாறினது. பழைய மீற்றருக்குத் தடை கூடக் கூட முள் மேல போகும், காலித் தாங்கிக்குத் தடை பூச்சியத்துக்குக் கிட்ட. புது வகைக்கு அப்பிடியே எதிர்: காலிக்கு 240 ஓம் அளவு, நிறைய நிறையக் குறைஞ்சு கொண்டு வரும். உமக்குப் புதுத் தாங்கியோட தந்த மிதவை பிந்தின வகை. மீற்றர் 1966. ரெண்டும் ஒண்டோட ஒண்டு கதைக்குது, ஆனா தலைகீழா.

மீற்றரைக் கழட்டி வயரை மாத்திப் பூட்டிப் பாக்காதையும், அதால திரும்பாது. பழைய மிதவையை எறியேல்லை எண்டு சொன்னீர். மல்ரிமீற்றரை அதில வச்சு, கையை மெல்ல மேலயும் கீழயும் அசைச்சுப் பாரும். இலக்கம் துள்ளாமல் போய் வந்தா அதையே திரும்பப் போடலாம், துளையள் பொருந்துதோ எண்டு முதல் வச்சுப் பாரும். பேக்கிங் புதுசா வெட்டும். மிதவைத் தகட்டின்ர ஒரு ஆணியில இருந்து சசிக்குத் தனியா ஒரு ஏர்த் வயரும் இழும். புதுத் தாங்கி முழுக்கப் பெயின்ற், கீழ றப்பர், தாங்கியால ஏர்த் வரும் எண்டு நம்பேலாது. உம்மட பழைய வகை மீற்றரில ஏர்த் இல்லாட்டி எப்பவும் நிறைஞ்சதாத்தான் காட்டும், அது தலைகீழாக் காட்டுறதை விட மோசம்.

பழைய மிதவை செத்திருந்தா முந்தின வகை எண்டு சொல்லிக் கேட்டு வாங்கும். அது வரும் வரைக்கும் முள் கீழ இருந்தாப் பயப்படாமல் ஓடும். மேல ஏறினா பெற்றோல் செட்டைத் தேடும்.